நாகல் நகரில் சிலோன் கிட்டார்

செபஸ்தியானுக்கு மூன்று வாரமாகக் கை சும்மா இருக்கவில்லை. பிரியாணிக் கடையில் மேசையைத் தட்டினான். கோயில் பூசையில் பெஞ்சைச் சுரண்டினான். அறுபத்தைந்தாம் வருஷம் அது. சிலோன் ரேடியோவில் வாராவாரம் ஒரு இங்கிலீஷ் பாட்டு வரும். நடுவே கிட்டார் மட்டும் தனியாகக் கிளம்பும். குகைக்குள் அடித்த மணிபோல ஒலிக்கும். பொங்கும், அமுங்கும், மறுபடி பொங்கும்.

தோல் வியாபாரி சூசைமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். “எம்மக ரோசலின் கல்யாண வரவேற்புல அந்தச் சத்தம் கேக்கணும்ப்பா. ஒன்னால ஏலாதுன்னா இப்பவே சொல்லிரு. மதுரை பார்ட்டி வாரேங்கிறான்.”

ஊரிலேயே கிட்டார் வைத்திருக்கும் ஒரே ஆள் என்று நாலு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் செபஸ்தியான். மதுரைக்காரன் நாகல் நகரில் வந்து வாசித்துவிட்டுப் போனால், அப்புறம் ஞானஸ்நான விருந்துக்குக்கூட இவனை எவன் கூப்பிடுவான்?

மைக் செட் நைனா முகமதுவின் கடையில் வேலை தொடங்கியது. பழைய டெலிபோனில் காதில் வைக்கும் பாகத்தைக் கழற்றி, மைக்குக்குப் பதிலாக கிட்டார் வயிற்றில் ஒட்டினார்கள். குகைச் சத்தத்துக்காக, பூட்டுப் பட்டறை ஸ்பிரிங்கை நெய் டின்னுக்குள் இழுத்துக் கட்டி, சத்தத்தை அதன் வழியே விட்டு எடுத்தார்கள். தடித்தது கரகரத்தது, மெலிந்தது சிணுங்கியது, பதினோராவது ஸ்பிரிங் மணியடித்தது. பொங்கி அமுங்குவதற்குத்தான் வழி பிடிபடவில்லை. கடைசியில் நைனா, ஆம்ப்ளிபயரின் சத்தத் திருகைக் கையாலேயே ஏற்றி இறக்கினார்.

“பாய், செத்த மெதுவா. கப்பல் ஆடுற மாதிரி.”

“ஏலே, மணிக்கட்டு கழண்டுரும்போல இருக்கு. வாசிக்கிறது நீயா, நானா?”

வரவேற்பன்று, கூட்டம் சேருமுன்னே, திருச்சி மாப்பிள்ளை அந்தப் பாட்டின் இசைத்தட்டையே கொண்டுவந்து நீட்டினார். நைனா போட்டார். குகை இருந்தது, மணி இருந்தது. பொங்குவதும் இல்லை, அமுங்குவதும் இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று.

செபஸ்தியானுக்கு அப்போதுதான் விளங்கியது. உயிரைக் கொடுத்துப் பிடித்த அந்த ஏற்ற இறக்கமெல்லாம், கடல் தாண்டி வருகையில் ரேடியோ அலை போட்ட தள்ளாட்டம்.

“பாய், திருகைத் தொடாதீங்க. நேராவே வாசிக்கிறேன்.”

“இந்த ஊர்ல தட்டை எவன்டா கேட்டான்? அம்புட்டுப் பேரும் ஒன்னய மாதிரி ரேடியோவுல கேட்டவந்தான். கேக்குற சரக்கைக் குடு.”

“அது தப்பு பாய்.”

பந்தல் நிறைந்ததும் நேராகவே வாசித்தான். ஒரு விசிறி நிற்கவில்லை, ஒரு பேச்சு ஓயவில்லை. முன்வரிசையிலிருந்து சூசைமுத்து எழுந்தார். “ஏம்ப்பா, அந்தப் பொங்குற சத்தம் எங்க? மதுரைக்காரனையே கூப்பிட்டிருக்கலாமோ?”

செபஸ்தியான் நைனாவைப் பார்த்தான். நைனா சட்டைக் கையை மடித்துக்கொண்டு திருகைப் பிடித்தார்.

பொங்கியது. அமுங்கியது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு ஓடிவந்தார்கள். விசில் பறந்தது.

மாப்பிள்ளை மட்டும் மாமனார் காதருகே குனிந்தார். “மாமா, தட்டுல இப்படி வராதே.”

“தேஞ்ச தட்டா இருக்கும் மாப்ள,” சூசைமுத்து பெருந்தன்மையாகத் தோளைத் தட்டினார். “வேற வாங்கிக்கிடுவோம்.”

பந்தல் கலைவதற்குள் இன்னும் மூன்று கல்யாணத்துக்குக் கச்சேரி பேசி முடித்துவிட்டு, நைனா டின்னைத் துணியில் சுற்றினார். செபஸ்தியான் மாப்பிள்ளையின் நாற்காலியோரம் போய் நின்றான். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன.

“அந்தத் தட்டை ஒரு வாரம் குடுப்பீகளா?”