முன்னூற்றிருபதாம் எண் ஜெட்

வெய்க்கோ சால்மெலாவின் ஆரஞ்சு நிறப் பனிவண்டி நாற்பத்தைந்து வருடம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. உறைந்த ஏரியில் நடந்த பந்தயத்தில் அதை ஓட்டித்தான் அவன் செத்தான். அன்றைக்கு இழுத்து வந்து போட்டதோடு சரி, பிறகு யாரும் தொடவில்லை. அப்போது தாயின் வயிற்றில் ஆறு மாதமாக இருந்த ரோண்டாதான் போன அக்டோபரில் தார்ப்பாயை உருவினாள். பிறகு ஆர்மஸ் லெஹ்டோவின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"அப்பா ஓட்டின அதே பந்தயத்துல ஜனவரியில ஓட்டணும்" என்றாள். "இந்த இன்ஜின் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் உயிரோட இருக்கீங்க."

ஆர்மஸுக்கு அறுபத்தொன்பது வயது. வெய்க்கோவின் கூட்டாளி, அவன் வண்டிக்கு மெக்கானிக். முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது: முழங்கால் வலி, கண் மங்கல். ஒன்றையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில் அந்த மனிதருக்கு நல்ல பழக்கம்.

ரோண்டா பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்ப்பவள். அவளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பனிச்சறுக்குப் பட்டைகளை நெளிவெடுத்ததும், வெடித்துப்போன ரப்பர் பட்டையை மாற்றியதும் அவள்தான். இறுகிப்போன பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுக்க மட்டும் இருவருக்கும் மூன்று நாள் ஆனது. பிஸ்டனின் பக்கமெல்லாம் உருகி வழிந்து உறைந்திருந்தது.

"ஆர்மஸ், உங்க காபி இன்ஜின் ஆயில விடக் கெட்டியா இருக்கு."

"அதனாலதான் நான் இன்னும் இறுகிப் போகாம ஓடிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்ததும் ஆர்மஸ் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்கு வெளியே போய்விட்டார்.

கார்புரேட்டரை மட்டும் அவர் தனியாகத்தான் பிரித்தார். அதற்குள் பித்தளையில் ஒரு சின்னத் துண்டு உண்டு, ஜெட் என்பார்கள். நடுவில் ஊசித்துளை, அதன் வழியாகத்தான் பெட்ரோல் போகும்; எண் கூடினால் துளை பெரிது. குளிர் ஏற ஏறக் காற்று அடர்த்தியாகும், பெட்ரோலும் கூடுதலாக வேண்டும், பெரிய துளையுள்ள ஜெட்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வண்டி கொஞ்ச நேரம் பறக்கும். பிறகு பிஸ்டன் சூட்டில் இறுகி, ரப்பர் பட்டை சட்டென்று நின்று, ஓட்டுகிறவன் தூக்கியெறியப்படுவான். அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெய்க்கோ செத்தபோது ஊரே ஒரே மாதிரி பேசியது. வேகத்துக்கு ஆசைப்பட்டுச் சின்ன ஜெட்டையே வைத்துக்கொண்டான், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இருக்கிறாளே என்று நினைக்கவில்லை. சர்ச்சின் கீழ்த்தள அறையில் ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது இதைத்தான் பேசினார்கள். அவன் மனைவி மார்லிஸ் அதைக் கேட்டாள், நம்பினாள். வருடத்துக்கு ஒரு தடவைகூடக் கல்லறைப் பக்கம் போகவில்லை.

கார்புரேட்டருக்குள் இருநூற்றெண்பதாம் எண் ஜெட் அப்படியே இருந்தது. ஆர்மஸ் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன எண் இருந்தது?" என்று மறுநாள் ரோண்டா கேட்டாள்.

"துருப்பிடிச்சுப் படிக்க முடியல."

ரோண்டா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜனவரியில் பந்தயச் சனிக்கிழமை விடிந்தபோது பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. வெய்க்கோ செத்த அன்றைக்கும் இதே அளவுதான். ஏரியின் மேல் வைக்கோல் கட்டுகளை வளைத்து அடுக்கி, தண்ணீர் ஊற்றிப் பாதையை வழவழப்பாக்கியிருந்தார்கள். மார்லிஸ் வந்திருந்தாள், ஆனால் தன் பிக்கப் வண்டியை விட்டு இறங்கவில்லை. "நான் பாக்க வரல. உன்னத் தூக்கிட்டுப் போக யாராவது வேணும்ல, அதுக்குத்தான் வந்தேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஆர்மஸ் விடிகாலையிலேயே வந்து ஜெட்டை மாற்றியிருந்தார். பெட்ரோல் பட்ட விரல்கள் குளிரில் நெருப்பாக எரிந்தன. முன்னூற்றிருபது. போட்டதைக் கழற்றிப் பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்தார். மூன்று தடவை.

பந்தயத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோண்டா ஹெல்மெட்டோடு வண்டி நின்ற கூடாரத்துக்குள் வந்தாள். மார்பில் அப்பாவின் எண், நாற்பத்தொன்று.

"ஜெட் போட்டாச்சா?"

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையான வார்த்தை. ஆர்மஸுக்கு வாய் வரவில்லை.

அவர் தயங்கியதை ரோண்டா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தாள். "ஆர்மஸ், இதை முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன். உங்ககிட்ட கொண்டுவர்றதுக்கு முந்தியே நான் அதைத் திறந்து பார்த்துட்டேன். இருநூத்தியெண்பது. பித்தளை எங்கயாவது துருப்பிடிக்குமா? அப்பா பேரக் காப்பாத்தத்தான் மறைச்சீங்கன்னு தெரியும். இந்த ஊர்ல அவருக்காக அப்படிச் செஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

இதற்குப் பதில் அவள் அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"அவன் போடச் சொன்னான்" என்றார் ஆர்மஸ்.

"என்ன?"

"உங்கப்பா. குளிர் ஏறிடுச்சு, முன்னூத்தியிருபதப் போட்டுடுன்னு சொல்லிட்டு நெஞ்சுல பந்தய எண் குத்திக்கப் போனான். எனக்கு விரல் மரத்துப்போச்சு. வெயில் வந்துடும், தேவைப்படாதுன்னு நெனச்சேன். சர்ச் பொம்பளைங்க காபி ஊத்திட்டிருந்தாங்க, அங்க போய் நின்னுட்டேன். அவன் வந்து போட்டாச்சான்னு கேட்டான். போட்டாச்சுன்னேன்."

ரோண்டா தோளிலிருந்து கையை எடுத்தாள். கையுறையைக் கழற்றி, வண்டியருகே குனிந்து, கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றினாள். பெட்ரோல் அவள் விரல்களில் வழிந்தது. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்தாள். திரும்பப் பொருத்தி முறுக்கினாள். ஆர்மஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதம் அவளோடு சேர்ந்து வேலை பார்த்ததெல்லாம் அந்த ஒரு திருகோடு போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது.

"அம்மா வண்டியில இருக்காங்க" என்றாள். "நான் முடிச்சுட்டு வர்றதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

ஆர்மஸ் பிக்கப் கதவைத் திறந்து ஏறி உட்காரும்போது ஏரியில் ஏழு இன்ஜின்கள் உறுமத் தொடங்கிவிட்டன. மார்லிஸ் பிளாஸ்கிலிருந்து அவருக்கும் காபி ஊற்றப் போனாள். "இந்தா, குளிர்ல செத்துத் தொலையாத."

"ஊத்தாத மார்லிஸ். மொதல்ல கேளு."

சொன்னார். சொல்லி முடித்து, சட்டைப்பையிலிருந்த பழைய ஜெட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மார்லிஸ் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல சாப்பிட்ட" என்றாள்.

"ஆமா."

"நான் அவனத் திட்டுறப்போ எதிர்ல உக்காந்து மென்னுக்கிட்டிருந்த."

"ஆமா மார்லிஸ்."

கொடி விழுந்தது. சத்தம் கண்ணாடியை அதிரவைத்தது. மார்லிஸ் தன் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வருடமாகப் பந்தயம் பார்க்காதவள் வைக்கோல் கட்டுவரை நடந்துபோய் நின்றாள். ஆர்மஸ் நான்கடி பின்னால் நின்றார். ரோண்டா ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில்தான் வெய்க்கோ விழுந்தான், பின்னால் வந்த வண்டி அவன்மேல் ஏறியது. ஐந்து சுற்றிலும் ஆரஞ்சு வண்டி அந்த வளைவுக்குள் போகும்போதெல்லாம் ஆர்மஸ் மூச்சை அடக்கிக்கொண்டார். இன்ஜின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. நான்காவதாக முடித்தாள்.

ரோண்டா வண்டியைத் தாயின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆர்மஸ் சொல்லிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. மார்லிஸ் கையுறையைக் கழற்றி, சூடாக இருந்த வண்டியின் ஆரஞ்சு இன்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"உன்ன என்னென்னவோ சொல்லிட்டேன் வெய்க்கோ. இந்தப் பிள்ளகிட்டயும் சொல்லிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ."

அது ஆர்மஸ் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு. அவர் பங்கையும் சேர்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் திரும்பினாள். "நாளைக்கு ஞாயிறு. சர்ச்சுல காபி குடிக்கிற நேரத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு. அவனப் பத்தி அங்க உக்காந்துதான் பேசினாங்க."

"சொல்றேன் மார்லிஸ்."

"சொல்றேன்னு சொல்லாத. போட்டாச்சுன்னும் நீதான சொன்ன."

மறுநாள் கீழ்த்தள அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஏலக்காய் ரொட்டித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. மார்லிஸ் நடுமேசையில், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அந்தப் பித்தளைத் துண்டை வைத்தாள். இது என்ன என்று யாரோ கேட்டார்கள். ரோண்டா ஆர்மஸைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இது வெய்க்கோ வண்டியில இருந்த ஜெட்" என்றார். "அவன் மாத்தச் சொன்னான். நான் மாத்தல."