கருமாதி மொய்

ராமநாதபுரம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறும்போது ஈஸ்வரிக்கு ஒரே ஒரு நினைப்புதான். புருஷன் நாகேந்திரன் எங்கே செத்தார் என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும். சொல்லிவிட்டு உச்சிப்புளி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவர் செத்து ஒன்றரை வருஷம் ஆகியும் அவளுக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலோடு நடப்பதுபோல நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கேட்பார்களா? கோர்ட்டுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

மாவட்டக் கவுன்சிலர் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேட்பாளர் தர்மராஜின் இறால் பண்ணையில், தண்ணீரைக் கலக்கும் மோட்டாரில் கரண்ட் அடித்து, அங்கே வேலை பார்த்த நாகேந்திரன் செத்து விழுந்தார். அந்த நேரம் பார்த்துப் போலீஸும் பேப்பர்காரனும் பண்ணைக்குள் வந்தால் ஓட்டு என்னாவது? உடம்பைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

"வீட்டுல நெஞ்சுவலி வந்து செத்தாருன்னு எழுதிக் குடுத்துரு ஆத்தா. ஒம்மக படிப்பு எம் பொறுப்பு" என்றார் தர்மராஜ்.

மகள் சிநேகா அப்போது பன்னிரண்டாவது. ஈஸ்வரி கையெழுத்துப் போட்டாள். புருஷனுக்கு வாய்க்கரிசி, பெண்டாட்டிக்கு வாய்ப்பூட்டு. இரண்டும் ஒரே நாளில் முடிந்தன.

கருமாதியன்று நாலு லட்சம் வந்தது. தர்மராஜின் ஆள் மருதுபாண்டி பந்தலில் உட்கார்ந்து, அதை மொய் நோட்டில் எழுதி, ஊர் கேட்க வாசிக்கவும் செய்தான். மொய் என்று எழுதிவிட்டால் எவன் கேட்கப் போகிறான் என்று மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த யோசனை அது.

தர்மராஜ் முப்பத்தோரு ஓட்டில் ஜெயித்தார். தோற்ற பால்சாமி சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். நாகேந்திரன்மேல் அவருக்கும் பாசம் பொங்கிவிடவில்லை. ஓட்டுக்காக வாயை அடைக்கக் கொடுத்த காசு தேர்தல் செலவுதான், அதைக் கணக்கில் காட்டவில்லை, செலவு வரம்பும் தாண்டிவிட்டது, ஆகவே தேர்தல் செல்லாது என்பது அவருடைய வாதம். காலையிலிருந்து இரண்டு பக்க வக்கீல்களும் இதற்குத்தான் மாரடித்தார்கள். நாகேந்திரன் வெறும் 'மேற்படி நபர்' ஆகிவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற ஈஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை.

தர்மராஜின் வக்கீல் துர்காதேவி மொய் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒங்க வீட்டு நோட்டுதானம்மா?"

"ஆமாங்கம்மா."

"தெரிஞ்சவங்க வீட்டுக் கேதத்துக்கு மொய் செய்யிறது நம்ம ஊரு வழக்கம். தர்மராஜும் செஞ்சிருக்காரு. இதுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமே இல்ல. இது மொய்தான? ஆமாவா, இல்லையா?"

ஈஸ்வரி தர்மராஜைப் பார்த்தாள். அவர் சொல்லு சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"நோட்டுல எழுதிட்டா மொய்தாங்கம்மா" என்றாள்.

வேலை முடிந்தது என்று துர்காதேவி உட்காரப் போனார்.

"மொய்யின்னா திருப்பிச் செய்யணும்ல" என்றாள் ஈஸ்வரி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அவுக செஞ்ச மாதிரியே செய்யணும். அவுக வீட்டு ஆளு ஒருத்தரு எறாப் பண்ணையில கரண்டு அடிச்சுச் சாகட்டும். நானும் தூக்கியாந்து வீட்டுல போட்டு, நெஞ்சுவலின்னு எழுதி வாங்கிக்கிட்டு, நாலு லச்சம் எழுதுறேன். அதுவரைக்கும் கடன் எம்மேலதான் நிக்கிது."

தர்மராஜின் தலை ஆடுவது நின்றது. "கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்!" என்று துர்காதேவி பதறி எழுந்தார். பால்சாமியின் வக்கீல் நாலு லட்சத்தை மட்டும் அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

நீதிபதி கையைக் காட்டி இருவரையும் அமர்த்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஈஸ்வரியைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு எங்கம்மா செத்தாரு?"

ஒரு வார்த்தைதான். ஒன்றரை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. ஈஸ்வரி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.