பெட்டி சூடாகும் நேரம்

புது ஹார்ட் டிஸ்கின் நெற்றி எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழந்தைவேல் திண்டாடிக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருப்புத் தகடு. விரல் நுனியில் குழைத்த சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தக் கேபிள் சொருகற பல்லு மேல மட்டும் வெச்சராதீங்ணா, பொட்டுனு போயிரும்" என்று அதைப் பிடுங்கிக்கொண்டான் வேல்முருகன், கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்தவன்.

"பழைய பெட்டிக்குப் பொங்கலே வெச்சுத்தான் ஆரம்பிச்சோம். இத்தன வருசம் ஓடலையா?"

"அதனாலதான் உள்ளாற அத்தன எறும்பு" என்றாள் சரிதா, ஜாதகங்களை அடுக்கியபடி. ஆரம்பத்திலிருந்து அவள்தான் தட்டச்சு, வரவேற்பு, டீ சொல்லிவிடுவது எல்லாம்.

நாமக்கல்லில் அவருடைய மாடி அலுவலகத்துப் படிக்குப் பக்கத்தில் 'அகில உலக மணமாலைத் திருமணத் தகவல் மையம்' என்று ஒரு பலகை தொங்கும். கிளைகள்: சேலம், மேட்டூர். சேலம் கிளை என்பது அஸ்தம்பட்டியில் அவர் மச்சானுடைய செல்போன். மேட்டூர் கிளையை இப்போதெல்லாம் யாரும் எடுப்பதில்லை. உள்ளே சுவரில் குழந்தைவேலுக்கு 'திருமணச் செம்மல்' பட்டம் வழங்கும் புகைப்படம். பொன்னாடையை அவரேதான் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது சரிதாவுக்கு மட்டும் தெரியும். கடைக்குப் போய் வாங்கி வந்தவள் அவள்தான்.

வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எல்லோரும் செல்போனிலேயே பெண் பார்த்துக்கொள்கிறார்கள். போன வாரம் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி ஒருவர், "உங்க பெட்டி தொறக்கறதுக்குள்ள பையனுக்கு நரைச்சுப்போயிருமாட்ட இருக்குதுங்க" என்று எழுந்து போனதில்தான் செம்மலுக்குச் சுருக்கென்றது. பெட்டியை வேகமாக்குவது, இல்லையென்றால் கடையைச் சாத்துவது. புதிதாக எல்லாவற்றையும் ஏற்றவும் வழியில்லை. பொருத்தம் பார்க்கும் அந்த மென்பொருளை விற்றவர் போன இடம் தெரியவில்லை, சீடியை எறும்பு தின்ன முடியாததால் எலி தின்றிருந்தது. இருப்பதை இருக்கிறபடியே புது டிஸ்குக்கு மாற்றியாக வேண்டும்.

"ஒண்ணும் பயப்படாதீங்ணா. கட்டுன சேலையோட அப்படியே கூட்டிட்டுப் போயி புது ஊட்ல உட்டறலாம்" என்று பழைய வட்டையும் புது வட்டையும் கேபிளில் கோர்த்தான் வேல்முருகன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. பழைய வட்டு கரகரவென்று முனகியது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க குழந்தைவேலுக்கு முகம் முகமாக ஞாபகம் வந்தது. எருமப்பட்டிக் கோழிப்பண்ணை வேலுமணி வீடும், மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலையிலிருந்த ஒருவரின் குடும்பமும் எதிரெதிர் பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள். பண்ணைக்காரனுக்குப் பெண் தருவதில்லை என்று வாய்வரைக்கும் வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா வந்திருந்தார். பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. டீ வந்தது. இரண்டு அம்மாக்களுக்கும் முழங்கால் வலி என்பதும், இருவரும் ஒரே டாக்டரிடம் ஒரே தைலத்தை வாங்கி ஏமாந்தவர்கள் என்பதும் தெரியவந்தது. ஜாதகம் அச்சாகி வந்தபோது, முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தமே இல்லை. பெண்ணின் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு என்ன பரிகாரமுங்க?" அவர்கள் பேரனுக்கு இந்த ஆண்டு காது குத்து. எல்லாம் தன் கைராசி என்று குழந்தைவேல் அந்த அழைப்புப் பத்திரிகையை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தார்.

பச்சைக் கோடு முடிந்தது. ஒரு ஜாதகம்கூட வழியில் தவறவில்லை. பெட்டியை அமுக்கினால், கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் திறந்தது. செம்மல் அன்றைக்கே வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்: 'இனி காத்திருக்கத் தேவையில்லை!'

உண்மையிலேயே யாரும் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த முதல் இரண்டு வீட்டாரும் சரியாக உட்காருவதற்குள் ஜாதகம் திரைக்கு வந்துவிட்டது. ரஜ்ஜு தட்டுகிறது என்றார் குழந்தைவேல், வேகம் பிடிபட்ட பெருமையில் கொஞ்சம் சத்தமாகவே. "அப்ப நாங்க வர்றமுங்க" என்று இரு தரப்பும் எழுந்தார்கள். படியிறங்கும்போதுகூட ஒருவரையொருவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். சொல்லிவிட்ட டீ வந்து, பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்து விழித்தது.

"இத்தன டீயை யாருங்ணா குடிக்கறது?" என்றாள் சரிதா. "முன்னெல்லாம் ரெண்டாவது டீ கேப்பாங்க."

குழந்தைவேல் ஆடை படிந்த ஒரு டீயை எடுத்துக் குடித்தார். கண்ணாடிக்கடியில் இருந்த காதுகுத்துப் பத்திரிகையை வெகுநேரம் பார்த்தார்.

மத்தியானம் மயிலம்மாள் என்கிற அம்மா மகள் அறிவுச்செல்வியோடு வந்தாள். எதிர் பெஞ்சில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் மணிமாறன், மனைவி, முப்பதைத் தாண்டிய மகன். பெண் வீடு சுவரில் பட்டம் வாங்கும் படத்தைப் பார்த்தது. பையன் வீடு தன் செருப்பைப் பார்த்தது. குழந்தைவேலின் விரல் பெட்டியின் பொத்தான் மேல் போய் நின்றது.

விரலை எடுத்துக்கொண்டார்.

"பெட்டி சூடாகோணுமுங்க. சித்த நேரம் ஆகும்."

"வெளிய வேற மாதிரி எழுதியிருக்குதுங்களே?" என்றார் மணிமாறன்.

"அது மத்தவங்களுக்குங்க. உங்களுதெல்லாம் பெரிய எடம். மெதுவாத்தான் அலசோணும்."

மணிமாறன் தலையாட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சரிதா செம்மலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னலில் எட்டி, கீழே டீக்கடைக்கு விரல்களைக் காட்டினாள். குழந்தைவேல் விசைப்பலகையில் எதையோ மும்முரமாகத் தட்டினார், ஓடாத பெட்டியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. எதிரே திரை இருட்டாக இருந்தது. கதவு வழியாக வந்த வெயிலில், இரண்டு பெஞ்சுகளும் திரைக்குள் ஒட்டிக்கொண்டு ஒரே பெஞ்சாகத் தெரிந்தன.