கரவனுக்கு ஒரு கலர் ரீவி

அன்ரனின் தாய் ஊரில், இளவாலையில் செத்துப்போனபோது அன்ரன் ஜேர்மனியில் ஒரு கரவனுக்குள், காரில் கொழுவி இழுக்கிற வண்டிவீட்டுக்குள், இருந்தான். அகதி மனுக் கொடுத்தவர்களை எங்கே படுக்க வைப்பதென்று தெரியாமல் திண்டாடிய மாவட்டத்துக்காரர்கள், ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்வளவில் நாலைந்து கரவன்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பேரை அடைத்துவிட்டார்கள். கரவனுக்குச் சக்கரம் இருந்தது, ஆனால் அது எங்கும் போகாது. உள்ளே இருந்தவர்களின் கதையும் அதுதான். மாவட்ட எல்லையைத் தாண்டினால் பொலிஸ் பிடிக்கும். நாட்டைத் தாண்டி ஊருக்குப் போனால் மனுவே போய்விடும். ஆகவே தாயின் பெட்டிக்கு அன்ரன் தோள் கொடுக்கவில்லை. அண்ணன்தான் கொடுத்தான்.

அந்த அண்ணன் செத்தவீட்டை வீடியோ எடுப்பித்து, ஜேர்மனிக்கு வந்த ஒருவரின் கையில் கசெற்றைக் கொடுத்துவிட்டான். அந்த வருஷங்களில் வெளியில் கிடந்த பிள்ளைகளுக்குச் செத்தவீடு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஊரிலே கமராக்காரனுக்கும் இது தெரியும். பெட்டியை மூடமுதல் முகத்தில் கமராவை நெடுநேரம் வைத்திருப்பான், எங்கோ இருக்கிறவன் ஆற அமரப் பார்க்கட்டும் என்று.

அன்ரனுக்குப் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. வந்த புதிதில் பிராங்பேர்ட் போய்வந்த ஒருவரைக் கெஞ்சி, தாய்க்கு ஒரு நீலச் சேலை எடுப்பித்து அனுப்பியிருந்தான். நல்லநாள் பெருநாளுக்கு உடுக்கிறேன் என்று தாய் அதை மடித்து வைத்துவிட்டாள். அண்ணனும் ஒரு சேலை வாங்கிக் கொடுத்திருந்தான். அது பச்சை. கடைசியில் கிடத்தும்போது எதை உடுத்தினார்கள்? நீலமென்றால் தானும் அங்கே நின்ற மாதிரி, பச்சையென்றால் தான் இல்லவே இல்லை. அண்ணனுக்கு எழுதிக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்க, அது நெஞ்சை அரித்துக்கொண்டே கிடந்தது.

இதைப் போய்க் கரவனில் கூட இருந்த சிதம்பரத்திடம் சொன்னான் பாருங்கள், அதுதான் அவனுடைய முதல் மடத்தனம். சிதம்பரம் மற்றவனின் புண்ணைக் கண்டால் விரலை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத மனுஷர்.

"மனிசி போய்ச் சேர்ந்திட்டுது, இவருக்குச் சேலைக் கவலை!" என்று அடுத்த கரவனுக்கும் கேட்கும்படி சிரித்தார். "உடுத்துவிட்டதை மண்ணுக்குள்ளை ஆர் பாக்கிறது?"

அன்ரன் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவனுக்கு வாய் இருந்ததே சாப்பிடத்தான் என்று சிதம்பரம் முடிவு கட்டியிருந்தார்.

கசெற் வந்துவிட்டது. போட்டுப் பார்க்க ரீவி வேண்டுமே. அந்த ஜேர்மன் ஊர்ச்சனம் வேண்டாத சாமான்களைத் தெருவோரத்தில் தூக்கி வைக்கிற நாள் வந்தது. நம்முடைய ஆட்கள் அன்றைக்கு விடியவே வெளிக்கிட்டுவிடுவார்கள். அன்ரனும் சிதம்பரமும் போன தெருவில் ஒரே வாசலில் இரண்டு ரீவி இருந்தன. ஒன்று கைப்பிடி வைத்த சின்னக் கறுப்பு வெள்ளை. மற்றது அலுமாரி அளவில், மரச்சட்டம் போட்ட பழைய கலர் ரீவி.

"சின்னனை எடும்," என்றார் சிதம்பரம். "உந்தப் பெரிசு கறண்டைக் குடிக்கும். ஹீற்றரோடை சேர்த்துப் போட்டால் பியூஸ் போயிடும்."

"ஏலாது அண்ணை. எனக்குக் கலர்தான் வேணும்."

சிதம்பரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். அன்ரன் 'ஏலாது' என்று சொன்னதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பெரியதை இருவருமாக, கொண்டுபோன பழைய தள்ளுவண்டிலில் ஏற்றினார்கள். சின்னதையும் சிதம்பரம் விடவில்லை, மேலே தூக்கி வைத்தார். கொண்டுவந்து கறண்டில் கொழுவிப் பார்த்தால் பெரியது ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரி நீலச் சட்டையோடு செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். நீலம் நீலமாகவே தெரிந்தது. அன்ரன் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிதம்பரம் சொன்னதிலும் பொய்யில்லை. வளவிலிருந்த அத்தனை கரவனுக்கும் கறண்ட் வந்தது சாப்பாட்டுக்கடைக் குசினி ஜன்னலால் நீண்ட ஒரே ஒரு வயரில். பியூஸ் குசினிக்குள் இருந்தது. கடைக்காரி ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனால் திங்கள்தான் வருவாள்.

கசெற்றை ரீவியில் ஓடவிட டெக்கும் வேண்டும்; பிராங்பேர்ட்டில் அதை வைத்திருந்த, அன்ரனுக்குத் தெரிந்த ரகுநாதனுக்கு லீவு கிடைத்ததும் ஞாயிறுதான். அவருக்கு மனு வென்றிருந்தபடியால் எங்கும் போய்வரலாம். டெக்கை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாள் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு அந்த டெக் போகவேண்டும், கடைசிப் பஸ்ஸுக்குத் தான் திரும்பவேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். தன் வீட்டு ரீவி எரிந்துபோன கதையையும் சொன்னார்.

"அப்ப உந்தச் சின்னனைக் கொண்டு போங்கோ," என்று சிதம்பரம் வள்ளலானார். "எங்கடை அன்ரனுக்குக் கறுப்பு வெள்ளை பிடியாது."

செத்தவீட்டுப் படம் என்றால் தனியே பார்க்கிற வழக்கமில்லை. மற்றக் கரவன்காரர் எல்லாரும் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே பனி கொட்டியது. எல்லாக் கரவனிலும் ஹீற்றரை நிறுத்திவிட்டு அன்ரன் கசெற்றைப் போட்டான்.

படலை, பந்தல், கதிரைகள், வருகிற சனம். பெட்டியைச் சுற்றித் தலைகளாகவே தெரிந்தன.

"உது எங்கடை மச்சானெல்லோ! நிப்பாட்டு, பின்னுக்கு விடு!" என்று ஒருவர் கத்தினார். பின்னுக்கு விட்டார்கள். மச்சான் திரும்பவும் வந்து மாலை போட்டார். அடுத்தவருக்குத் தன் ஊர்ப் பெட்டை ஒருத்தியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளைப் பல தடவை நடக்க வைத்தார்கள். யாருடைய செத்தவீடு என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. அன்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். வரட்டும், முகம் வரட்டும்.

ஒருவழியாகத் தலைகள் விலகின. மெழுகுதிரி தெரிந்தது. பெட்டியின் ஓரம் தெரிந்தது. கமரா கால்மாட்டில் குவிந்த பூக்களிலிருந்து மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அன்ரன் முழங்காலில் நகர்ந்து திரைக்குக் கிட்டப் போனான்.

டக் என்று ஒரு சத்தம். வளவு முழுக்க இருட்டு.

சிதம்பரத்தின் காலடியில் ஹீற்றர் கம்பி ஒன்று சிவந்து, அணைந்துகொண்டிருந்தது.

"கால் விறைச்சுப் போச்சு," என்றார் அவர். "ஒரு கம்பிதான் போட்டனான். அப்பவே சொன்னனான், சின்னனை எடும் எண்டு. நீர் கேட்டால்தானே."

அந்தக் கணத்தில் அன்ரன் அவரை மனதார வெறுத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கதை சொல்கிற எனக்கே ஆத்திரம் தீர்ந்திருக்கும். அவன் அடிக்கவில்லை. ஓடிப்போய்க் கடைக் கதவைத் தட்டினான். பூட்டிய கதவு யாருக்குத் திறக்கும்?

கறண்ட் இல்லாமல் டெக் கசெற்றைத் துப்பாது. திருகாணியைக் கழற்றி எடுப்போம் என்று அன்ரன் கெஞ்சினான். டெக்கில் கைவைக்க ரகுநாதன் விடவில்லை. நாளைவரைக்கும் டெக்கை இங்கே வைத்துவிட்டுப் போங்கோ என்றான். பிறந்தநாள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

"பயப்பிடாதையும். வீட்டை போய்க் கறண்டிலை போட்டுக் கசெற்றை எடுத்துப் பத்திரமாய் வைக்கிறன்," என்றார் ரகுநாதன்.

டெக் பெட்டியை அன்ரனே தூக்கித் தோளில் வைத்தான். ரகுநாதன் சின்ன ரீவியைக் கைப்பிடியில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"அம்மாவை விழுத்திப் போடாதையும்!" என்று கரவன் வாசலில் நின்று சிதம்பரம் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

பஸ் தரிப்பு வரைக்கும் அவன் தோள் மாற்றவில்லை. அதற்கு மேல் போக அவனுக்கு உரிமையில்லை. பஸ் போன பிறகும் பனிக்குள் நின்றான்.

சில நாள் கழித்துத் தெருமுனை ரெலிபோன் கூண்டிலிருந்து ரகுநாதன் வீட்டுக்குப் போன் எடுத்தான். ரகுநாதனின் மனைவி சந்திரகாந்திதான் பேசினாள்.

"அக்கா, நான் அன்ரன். கசெற்..."

"ஐயோ தம்பி, அதையேன் கேக்கிறீர்? நான் வயித்துப்பிள்ளையோடை இருக்கிறன். செத்தவீட்டுக் கசெற்றை வீட்டுக்குள்ளை வச்சிருக்கலாமோ? அண்டைக்கே குப்பையிலை போட்டிட்டன். குப்பை லொறியும் வந்து போயிட்டுது. உங்கடை அண்ணரிட்டைச் சொல்லி இன்னொண்டு எடுப்பியுமன்."

அண்ணனிடம் இன்னொன்று இல்லை. வீடியோக்காரன் ஒரே கசெற்றில் பிடித்து அப்படியே கொடுத்துவிட்டான். அன்ரன் கூண்டின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்தான்.

"பாத்தனீங்களோ அக்கா?"

"ஓம் தம்பி. இவர் டெக்கிலையிருந்து கசெற்றை வெளியிலை எடுக்கப்போய் எதையோ அமத்த, அது ஓடத் தொடங்கீட்டுது. அம்மாவின்ரை முகம் கன நேரம் நிண்டது. நித்திரை கொள்ளுற மாதிரி. எனக்கே கண்ணீர் வந்திட்டுது."

"அக்கா, என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தவை?"



"நிறமோ? நீர் தந்த அந்தச் சின்ன ரீவியிலையெல்லோ தம்பி பாத்தனாங்கள்."

அவன் வளவுக்குத் திரும்பினான். கரவன் கதவைத் திறந்தபோது சிதம்பரம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பெரிய ரீவிக்கு முன்னால் இருந்தார். ஹீற்றரை ஞாபகமாக நிறுத்தி வைத்திருந்தார்.

"கதவைச் சாத்திப்போட்டு வாரும் அன்ரன்," என்றார். "இண்டைக்குக் கலர் நல்ல துப்புரவாய் விழுகுது."