மாரா பெயரில் பிடித்த பணம்

நவம்பரில், அலுவலகத்தில் அடுத்த வருடச் சலுகைகளுக்குப் படிவம் நிரப்புகிற வாரத்தில், லெஸ்டர் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். பிள்ளைப் பராமரிப்புக் கணக்கு என்ற கட்டத்தில் இரண்டாயிரம் டாலர் என்று போட்டுவிட்டான். வரி போடுவதற்கு முன்பே அதைச் சம்பளத்தில் பிடித்து வைப்பார்கள். நாம் வேலையில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கு ரசீது காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் போனது போனதுதான்.

"வீட்ல ஒரு பூனைகூடக் கிடையாது. உங்களுக்கு எதுக்குய்யா பிள்ளைக் கணக்கு?" என்றாள் சம்பளப் பிரிவு ஐவி.

"அடுத்த கோடை லீவு முழுக்க டொலிடோவுல என்கூடத்தான்னு மாரா சொல்லியிருக்கா."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு போன்ல சொன்னதை நம்பியா?"

"அவ சொன்னா சொன்னதுதான்."

மகள் மாரா, விவாகரத்துக்குப் பிறகு ஆறு வருடமாக அம்மாவோடு கொலம்பஸில் இருக்கிறாள். சம்பளச் சீட்டில் மற்ற பிடித்தங்களைப் பார்த்தால் லெஸ்டருக்கு வயிறு எரியும். பிள்ளைக் கணக்கு என்ற இந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பான். வீட்டில் ஒரு பிள்ளை வளர்கிறது என்று அந்த ஒரு சீட்டுதானே சொன்னது! மார்ச்சிலேயே, லீவில் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஏரிக்கரை முகாமில் அவளுக்கு இடம் பிடித்தும் வைத்தான்.

ஜூனில் மாராவே கூப்பிட்டாள். "அப்பா, நீச்சல் டீம்ல எடுத்துட்டாங்க. ரெண்டு வாரம்தான் வர முடியும். கோவமா?"

"சேச்சே, கோவமென்ன. ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம்" என்றான். போனை வைத்துவிட்டு, முகாமுக்குக் கூப்பிட்டு இரண்டு வாரத்துக்கு மட்டும் இடம் போதும் என்று சொன்னான்.

அந்த இரண்டு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. முகாம் ரசீதை எடுத்துக்கொண்டு ஐவியிடம் போனான்.

"பிள்ளை வருஷத்துல அதிக ராத்திரி யார் வீட்ல தூங்குதோ, அவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு" என்றாள் ஐவி, குரலைத் தணித்து. "பிடித்தத்தையாவது இப்பவே நிறுத்திடலாம். எழுதிக் குடுங்க."

"இருக்கட்டும்."

"வீணாப் போகும்யா."

"போகட்டும், ஐவி. சீட்டுல அவ பேர்ல ஒரு வரி இருக்கட்டும்."

ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய், பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவத்தை எடுத்தான். 'இந்தப் பிள்ளை என்னோடு வசிக்கிறாள்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடமாக அவன் எழுத ஏங்கிய வாக்கியம் அது. யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. பேனாவை வைத்துவிட்டான். அந்த வாக்கியத்தைப் பொய்யாக எழுத அவனுக்கு மனம் வரவில்லை.

செப்டம்பரில் மாராவுக்குப் பதின்மூன்று முடிந்தது. மறுபடி நவம்பர் வந்தது. "இந்த வருஷம் அந்தக் கட்டத்தை விட்டுடுங்க. பதிமூணு ஆயிட்டா பார்த்துக்க ஆள் வேணாம்னுதான் இந்தக் கணக்குல சட்டம்" என்றாள் ஐவி. அவன் வெறுமையாகவே விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரா போனில் கேட்டாள். "நீ சொன்னேன்னு அம்மா சொன்னாங்க. என் பேர்ல போட்ட பணமெல்லாம் போச்சாமே. எதுக்குப்பா போட்டே?"

"நீ இங்க இருக்கிற மாதிரி இருந்துச்சு."

 "இனிமே எனக்கு முகாமும் வேணாம், ஆளும் வேணாம். நீ வேலைக்குப் போனாலும் நானே இருந்துப்பேன். சாவி குடுத்தாப் போதும்" என்றாள்.

எப்போது வருவாய் என்று கேட்க அவன் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே சாவிக் கடைக்குப் போய், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று இரண்டு சாவி செய்யச் சொன்னான்.