மடை திறந்த ஆடி ஞாயிறு

ஆடி மாதத்து வானம் திருவொற்றியூருக்கு மேல் தவத்தில் அமர்ந்தவளைப் போலக் கருமை பூண்டிருந்தது. கடலிலிருந்து எழுந்த காற்று வேப்பந்தழைகளில் ஈரம் தடவிச் சென்றது. மண் நனைய, மனம் அடங்க, ஊரெல்லாம் அம்மனின் திருநாமத்தையே மெல்ல உச்சரிக்கும் காலம் அது.

சுப்பராயன் நெஞ்சில் மட்டும் கீரையின் நினைவே நின்றது. காலடிப்பேட்டை மேட்டில் அவன் பயிரிட்ட முளைக்கீரைப் பாத்திகளில் மழைநீர் தேங்கிவிட்டது. விடியலில் மாடுகளுக்குத் தவிடு வைத்துத் தொழுவத்தைக் கூட்டியவன், கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போகவேண்டிய கீரை அழுகிவிடுமே என்று மண்வெட்டியை எடுத்தான். தோட்டத்துக்குக் கீழேதான் அம்மன் திடல். அங்கே கூழ் காய்ச்சக் குழியடுப்பு வெட்டியிருந்ததை அவன் அறிவான். அவ்வளவு தூரம் நீர் போகாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மடையை வெட்டிவிட்டான்.

நீராடி, மஞ்சள் வேட்டி உடுத்து அவன் திடலுக்கு வந்தபோது, தூறலில் பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. கீற்றுப் பந்தலின்கீழ் அண்டாவில் கூழ் பாதி வெந்திருந்தது. அவன் கண்ணெதிரிலேயே மேட்டிலிருந்து செந்நீர் புரண்டு வந்து குழியில் பாய்ந்தது. அடுப்பு சீறி அணைந்தது.

ஊர்ப்பெரியவர் அப்பாவு, நோன்பிருந்து ஆண்டுதோறும் அடுப்பு மூட்டும் கெங்கம்மாவைப் பார்த்தார்.

"ஆத்தாளே அணைச்சிட்டா. நோம்பு ஒயுங்கா இருந்தியா நீ?"

"மறைவா ஆப்பம் துன்னிருப்பா," என்றாள் கூட்டத்தில் நின்ற குப்பம்மா. சிலர் சிரித்தனர்.

"இனிமே வேற கை மூட்டட்டும்," என்றார் அப்பாவு.

கெங்கம்மாவின் காலடியில் வேரோடு பெயர்ந்த ஒரு முளைக்கீரை நாற்று மிதந்து வந்து ஒதுங்கியது. அதைப் பார்த்தாள், நிமிர்ந்து சுப்பராயனைப் பார்த்தாள். பிறகு நாற்றைப் பாதத்தால் சேற்றில் அழுத்தி மறைத்தாள்.

அவள் வைதிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அப்பாவுவின் முன் வந்து நின்றான்.

"ஆத்தா கோவம் இல்ல, பெரியவரே. அது எங் கொல்லைத் தண்ணி. நான்தான் மடைய வெட்டிவுட்டேன்."

பம்பை நின்றது.

"கீரைக்கோசரமா?" என்றார் அப்பாவு.

"ஆமா."

"அந்தக் கீரையத் துன்னா செரிக்குமா ஒனக்கு?" என்றாள் குப்பம்மா. மற்றவர் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

தலை குனிந்தபடியே மேட்டுக்கு நடந்தான். மாடுகளை அவிழ்த்து மழையில் கட்டிவிட்டு, தொழுவத்தில் அடுப்புக்குக் கல் கூட்டினான். தன் உலர்ந்த வறட்டிகளையெல்லாம் கொண்டுவந்து குவித்தான். அதைக் கண்ட ஆட்கள் திடலிலிருந்து அண்டாவை அங்கே தூக்கிவந்தார்கள். அப்பாவு தீப்பெட்டியைக் கெங்கம்மாவிடமே நீட்டினார்.

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு அக்கா அந்த நாத்த மூடினே?" என்றான் சுப்பராயன் தணிந்த குரலில்.

"கூழு குடிக்க வந்த ஊரு, அடிச்சிக்கினு போவ வோணாம்னுதான்."

கூழ் வெந்தது. முதல் அகப்பையை மண்கலயத்தில் ஏந்தி, தன் மேல்துண்டால் அதை மூடி, வெறுந்தலையோடு மழையில் இறங்கினான் சுப்பராயன். அம்மன்முன் கலயத்தை வைத்துச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

பின்னால் வந்த கெங்கம்மா வேப்பிலையால் அவன் தலையைத் தடவினாள்.

"ஆத்தா ஒன் வயித்தையும் ஒன் கொல்லையையும் குளிர வெக்கட்டும், நைனா."