தையல் பிடிக்காத இடம்

பத்தொன்பது வருடமாக அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். கருப்பை வாயில் வந்த புற்றுநோய் கதிர்வீச்சில் குணமாகி, ஒன்பது வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அதன் பிறகுதான் சிறுநீர் கசிய ஆரம்பித்தது. நாற்காலியில் ரப்பர் விரிப்பு, பையில் மாற்றுத் துணி என்று ஒப்பேற்றினாள். ஒருநாள் சாட்சி விசாரணையின் நடுவே நீதிபதி, "அந்த ஜன்னலத் திறங்கப்பா" என்றார். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கதிர் பட்ட இடத்துல ரத்த ஓட்டம் செத்துப்போச்சும்மா," என்றார் அறுவை மருத்துவர். "மூத்திரப்பையில ஓட்ட விழுந்திருக்கு. தொடையிலேர்ந்து சதை எடுத்து வச்சுத் தைச்சுப் பாக்கலாம். பிடிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பிடிக்கவில்லை. பதினாலாம் நாள் மதியச் சாப்பாடு வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, அப்புறம்தான் செவிலியரைக் கூப்பிட்டாள்.

அடுத்த வழி, குடலில் ஒரு துண்டை வெட்டி, அதன் வழியே சிறுநீரை வயிற்றில் ஒட்டும் பைக்குத் திருப்புவது. லிப்ட் மெக்கானிக்கான கணவர் தைரியம் சொன்னார்.

"ஆபீஸுக்கு ஒரு பை எடுத்துட்டுப் போவ. இனிமே ரெண்டு. அவ்வளவுதானே?"

"முதல்ல உங்க வாயத் தைக்கச் சொல்லணும்," என்று அவள் சிரித்தாள். சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஆறு மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள். இரண்டே மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்துவிட்டார்.

"குடலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு சார். பிரிக்கப் போனா கிழியுது. நல்லதா ஒரு துண்டு கெடைக்கல. மூடிட்டேன். முதுகு வழியா ரெண்டு சிறுநீரகத்துக்கும் குழாய் போட்டிருக்கு."

"எத்தன நாளைக்கு டாக்டர்?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்."

கேட்டதற்கு அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

மயக்கம் தெளிந்ததும் அவள் கை வயிற்றைத் தடவியது. "பை எங்கங்க?"

"முதுகுப் பக்கம்."

அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கசிவு குறைந்தது, நிற்கவில்லை. மல்லாந்து படுக்க முடியாது. குழாய் அடைத்தால் காய்ச்சல் வந்துவிடும். விடுப்பு நீட்டிப்புப் படிவத்தோடு கணவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"திரும்புற தேதி என்ன போடட்டும்?"

"வேணாம். ராஜினாமா கடிதம் எழுதிடலாம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு இடங்களில் திருத்தினாள். அன்று மாலையே உடம்பு கொதித்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.